வற்றல் இறைச்சியை மென்மையாக்கும் முறை

மழைக்காலத்திற்கென்று உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றிற் கோத்து வெயிலில் உலர்த்திய இறைச்சி வற்றல் இன்றும் சில இல்லங்களில் உண்டு. முற்காலத்தில் வன்னியில் மான் இறைச்சியையும் இவ்வாறு வற்றலாக்கினர். மான் வேட்டை இன்று சட்டத்திற்கு மாறானது; ஆகவே நாம் கூறப்போவது ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வற்றலைப் பற்றியே.

ஒரு மழைநாளில் நாம் வற்றலைக் கழுவிய கையோடு சட்டியிலிட்டு, உப்பும் பழப்புளியும் சேர்த்துப் பெருந்தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தோம். எமது தந்தையார் வயது முதிர்ந்தவர். பற்களும் சில போய்விட்டன. ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். பின்னர், "நல்ல ருசி, பிள்ளை" என்று கூறிக்கொண்டே மற்றத் துண்டுகளைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். அன்று எமக்குச் சோறு இறங்கவில்லை.

பிழை அவசரத்திலேயே இருந்தது. உலரும்போது இறைச்சியின் நார்கள் நீரை இழந்து இறுகுகின்றன. பெருந்தீ அவற்றை மேலும் சுருக்கிவிடும். இழந்த நீர் முதலில் உள்ளே செல்லவேண்டும். உப்பு வெளியேற வேண்டும். எனவே வற்றலை நன்கு கழுவி, நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இடையில் இருமுறை நீரை மாற்றுங்கள். அரிசி கழுவிய நீரும் நன்று. இரவு முழுவதும் ஊறவேண்டுமாயின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எமது நாட்டு வெப்பத்தில் வெளியே வைத்தல் ஆகாது. ஊறியபின் நாருக்குக் குறுக்காகச் சிறு துண்டுகளாக வெட்டி, அம்மியில் வைத்துக் குழவியால் இலேசாகத் தட்டுங்கள்.

அப்படியும் இளகாத முரட்டு இறைச்சிக்குப் பப்பாசிக்காய் துணைசெய்யும். தோலுடன் அரைத்த காய் ஒரு தேக்கரண்டி, அரை இறாத்தல் வற்றலுக்குப் போதும். அதன் பாலிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கிறது. சட்டி சூடேறும்போது அது விரைந்து வேலைசெய்யும், கொதித்தபின் அடங்கிவிடும். ஆகையால் கொதிக்கும் கறியில் இடுவதாற் பயனில்லை. அரை மணி நேரத்திற்கு மேல் பூசிவைத்தால் இறைச்சி களியாகிவிடும். இதுவும் எமது அனுபவமே!

பின்னர் மூடியிட்டுச் சிறுதீயில் வேகவிடுங்கள். தேங்காய்ப்பாலும் புளியும் இறுதியில் சேரட்டும். சுவைத்துப் பாராமல் உப்பிட வேண்டாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமுள்ளோர் வீட்டில் வற்றலை அரிதாகவே சமைத்தல் நலம்.

வற்றலிற் பூஞ்சணம் படிந்திருந்தாலோ, ஊறியபின் வழுவழுத்து மணம் மாறினாலோ எறிந்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று மனம் தயங்கும், எமக்கும் தயங்கியதுண்டு.