போகவில்லையென்றால் விட்டுக்கொடுங்கள்



கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில், அங்கே கூடாரமடிக்க இடம் பிடிப்பது எப்படி என்பது விடுபட்டுவிட்டது. பெரும்பாலான முகாம்களுக்கு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் மாதந்தோறும் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, ஐந்து மாதம் முன்னதாகவே முன்பதிவு திறக்கும். கோடைக்கால இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். பயணத்துக்கு முந்தைய வாரங்களில் ரத்தாகும் இடங்கள் அதே தளத்தில் தலைகாட்டும்.

எனக்குப் பெரிய வருத்தம், பதிவு செய்துவிட்டு வராமலே இருப்பவர்களைப் பற்றித்தான். யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களுக்குப் பொருந்தாவிட்டாலும், கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களுக்காக 2023இல் இயற்றப்பட்ட சட்டப்படி, பயணத்துக்கு இரண்டு முதல் ஆறு நாள் முன்பு ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணம் போய்விடும். மிகவும் நியாயமான சட்டம். போக முடியாதென்று தெரிந்த அன்றே ரத்து செய்யுங்கள். காத்திருக்கும் இன்னொரு குடும்பம் போகட்டும்.

– ஒரு வாசகர், சான் ஹோசே