கருத்து கேட்டீங்க, சரி! பதில் எங்கே?

செஞ்சி வட்டார விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

வருஷா வருஷம் யாராவது நம்ம ஊருக்கு சர்வே எடுக்க வர்றாங்க. முன்னே கையில் நோட்டு, இப்போ செல்போன். "ரோடு எப்படி? ரேஷன் எப்படி? திருப்தியா, சுமாரா?" என்று கேட்கிறார்கள். நாமும் வேலையைப் போட்டுவிட்டு, திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்துப் பதில் சொல்கிறோம். எழுதிக்கிட்டுப் போறாங்க. அதோடு சரி! நாம் சொன்னது எங்கே போச்சு, என்ன ஆச்சு?

"கமிட்டியில் நெல் மூட்டையோடு எத்தனை ராத்திரி படுத்துக் கிடந்தீங்க? மல்லாட்டைக்குப் போட்ட காசு திரும்பி வந்ததா? ஏரிக்கு வரும் வாய்க்கால் எங்கே அடைஞ்சிருக்கு?" இந்தக் கேள்விகளை எத்தனை தாளில் பார்த்தீர்கள்?

ஒரு தடவை உருப்படியாகத்தான் கேட்டார்கள். 2003-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க 6,638 கிராமங்களில் 51,770 விவசாயக் குடும்பங்களைக் கேட்டது. நூற்றுக்கு 40 பேர், வேறு வழி கிடைத்தால் வேறு தொழிலுக்குப் போய்விடுவோம் என்றார்கள். லாபம் இல்லாததால் விவசாயம் பிடிக்கவில்லை என்றவர்கள் 27 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 74 குடும்பம் கடனில் இருந்தது.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையமும், உற்பத்திச் செலவோடு குறைந்தது 50 சதம் சேர்த்து ஆதரவு விலை கொடு என்று 2006-க்குள் சொல்லி முடித்துவிட்டது. 2018 மத்திய பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தச் செலவுக் கணக்கில் சொந்த நிலத்துக்கு வாடகையும் இல்லை, சொந்த நிலையான முதலுக்கு வட்டியும் இல்லை! 2019-ல் எடுத்த ஆய்வில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798 ரூபாய். கூலியில் வந்தது 4,063 ரூபாய்! பயிர் வச்சவன் கூலிக்குப் போய்த்தான் அடுப்பெரிக்கிறான்.

இந்தக் கணக்கைக் காட்டியே, "விவசாயிக்கே விவசாயம் பிடிக்கலை, நிலத்தை விட்டு வெளியே வரட்டும்" என்று பேசும் மேதாவிகளும் உண்டு. நாம் சொன்னது விவசாயம் வேண்டாம் என்றா? இந்த விலைக்குக் கட்டாது என்றுதானே! கேட்கிறவனே நம்ம பதிலுக்கு அர்த்தமும் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் நம்ம கருத்தை எங்கே சொல்வது? கிராம சபையில்! 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கொடுத்த உரிமை அது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள். அங்கே கேள்வியும் நம்முடையது, தீர்மானமும் நம்முடையது.

அதனால் என்ன நடந்துவிடும் என்று கேட்கிறீர்களா? மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள்! 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்தப் பகுதி ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. தீர்மானத்தோடு நிற்காமல் மக்கள் தெருவிலும் இறங்கினார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அது எந்த சர்வேயிலும் டிக் அடித்துக் கிடைத்ததல்ல!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கோட்டைக் கல்லுக்கு உலகமே மதிப்புக் கொடுக்கிறது. கோட்டையைச் சுற்றி உழுகிறவன் சொல்லுக்கு மதிப்பு எப்போது?

நாங்கள் கேட்பது:

1. ஊருக்குள் சர்வே எடுப்பவர் யாராக இருந்தாலும், யாருக்காக, எதற்காக என்று முதலில் சொல்ல வேண்டும்.

2. ஊர் சொன்ன பதிலை, ஆள் பெயர் இல்லாமல் தொகுத்து, அடுத்த கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

3. பயிர்ச் சேதக் கணக்கை சர்வே எண் வாரியாக ஊரில் ஒட்ட வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் 33 சதத்துக்குக் குறையாமல் சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்றார்கள். தாளில் 30 என்று விழுந்தால் ஒரு பைசா கிடையாது! என்ன எழுதினார்கள் என்று பயிர் வச்சவனுக்குத் தெரிய வேண்டாமா?

4. நெல், மல்லாட்டை, கரும்பு விலை பற்றிக் கேள்வி தயாரிக்கும்போதே விவசாயிகளையும் உட்கார வைக்க வேண்டும்.

விவசாயிகளே! அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாரீர்! பெண்கள் திரளாக வாரீர்! சொன்னதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதியதைப் படிக்கக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்!

கேட்டால் சொல்வோம்! சொன்னதற்குப் பதில் கேட்போம்!