பல் விழுவதும் தலைவிதியா?

நமது மக்களில் ஒருவருக்கு ஐம்பது வயதில் பல் ஆடினால் "வயதாகிவிட்டது" என்கிறார்கள். முப்பத்தைந்திலேயே ஆடினால் "தலையெழுத்து" என்கிறார்கள். ரத்தத்திலுள்ள சர்க்கரைக்கும் ஆடுகின்ற பல்லுக்கும் சம்பந்தமிருக்குமா என்று மாத்திரம் கேட்பதில்லை. தலையெழுத்தைப் படித்துப் பார்த்தவர் இதுவரை எவருமில்லை. ஆனால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கின்றதென்பதை ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். படிக்க முடியாததை நம்பிக்கொண்டு, படிக்கக் கூடியதை விட்டுவிடுவது எந்த அறிவைச் சேர்ந்தது?

2023-ம் வருஷத்தில் வெளியான கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கின்றது. இவர்களுக்குக் கண் கெடும், சிறுநீரகம் கெடும், கால் புண் ஆறாது என்பதெல்லாம் இன்று ஊரறிந்த சங்கதி. ஆனால் 1993-ம் வருஷத்திலேயே ஹரால்ட் லோ என்னும் பல் வைத்திய அறிஞர் ஈறு வியாதியை நீரிழிவின் ஆறாவது கேடு என்று எழுதியிருந்தும், அது இன்னமும் நமது வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

இதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை. சர்க்கரை மிகுந்தால் ஈறுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் கெடுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. எச்சில் வற்றுகின்றது, வற்றாத எச்சிலிலும் சர்க்கரை ஏறிவிடுகின்றது. பிறகு ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, கடைசியில் பல் ஆடுகின்றது. சர்க்கரை அடங்காதவர்களுக்கு இவ்வியாதி மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாய் வருகின்றது. புகையிலையும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. ஈறு அழுகிக்கொண்டிருந்தால் அந்த அழற்சியே சர்க்கரையை அடங்கவொட்டாமல் செய்கின்றது. ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் ஓரளவு குறைகின்றது. ஆகவே மாத்திரைக்கு மேல் மாத்திரை விழுங்கியும் சர்க்கரை இறங்கவில்லையென்று புலம்புகிறவர்கள் தங்கள் வாயையும் சற்றுத் திறந்து பார்க்க வேண்டாமா?

ஆனால் நமது ஜனங்களோ, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும், பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டங்கொடுத்துவிடும், சர்க்கரைக்காரன் பல் வைத்தியரிடமே போகக்கூடாது என்கின்ற மூன்று பொய்களை நம்பிக்கொண்டு, பல் தானாக விழும்வரை காத்திருக்கிறார்கள். பல் போனபின் கீரையும் காயும் பயறும் மெல்ல முடியாமல், குழைந்த சோற்றையும் கஞ்சியையும் விழுங்குகிறார்கள். அதனால் சர்க்கரை இன்னும் ஏறுகின்றது. பயந்து காப்பாற்றியது பல்லுமில்லை, உடம்புமில்லை!

சில டாக்டர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. கண்ணைப் பார், காலைப் பார் என்று சீட்டெழுதுகிறவர்கள் "பல் தேய்க்கும்போது ரத்தம் வருகின்றதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன நஷ்டம்?

ஆதலால், சர்க்கரையுள்ள தோழர்கள் தினம் இருமுறை பல் துலக்கி, வருஷத்தில் ஒரு முறையாவது பல் வைத்தியரிடம் காட்டி, தமக்குள்ள வியாதியையும் உண்ணும் மருந்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகிறோம். இளம் வயதிலேயே காரணமின்றிப் பல் ஆடுகிறவர்கள் ஜோசியனிடம் ஜாதகத்தைக் காட்டுவதற்கு முன் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கட்டும்.