அந்தமான் செலவை எஸ்ஐபி-ல போடச் சொன்னேன்... அது தப்பு!

மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். "2 வயசுக் குழந்தைக்கு கடல் ஞாபகம் இருக்கப்போகுதா? அந்த ஒன்றரை லட்சத்தை இன்டெக்ஸ் ஃபண்டில் போடுங்க. வருஷம் 12 சதவீதம்னு வச்சுக்கிட்டா 20 வருஷத்தில் கிட்டத்தட்ட பதினாலரை லட்சம். பையனோட காலேஜ் ஃபீஸ் ரெடி!" வீடியோ நல்லாவே ஓடிச்சு. கணக்கும் சரிதான், இப்பவும் எக்செல்ல போட்டுப் பார்த்தா அதே நம்பர்தான் வரும். ஆனா அதை வச்சு நான் சொன்ன அறிவுரை தப்பு.

20 வருஷம், 12 சதவீதம்னா எந்தத் தொகையும் 9.6 மடங்கு ஆகும். அந்த 9.6-ஆல பெருக்க ஆரம்பிச்சா உலகத்துல எதுவுமே வாங்க முடியாது. பைக், வாஷிங் மெஷின், தங்கச்சி கல்யாணச் சீர், எல்லாமே முட்டாள்தனமாத் தெரியும். இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைச் சத்தமில்லாம எடுத்துக்குது: இன்னைக்கு வாங்காததை நாளைக்கும் வாங்கிக்கலாம்கிறது. டிவிக்கு அது சரி. அந்தமான் தீவுக்கும் சரி, 2045-லயும் அது அங்கேயேதான் இருக்கும். ஆனா 5 வயசுப் பையன் இருக்க மாட்டான். அம்மாவோட முட்டியும் இப்ப மாதிரி இருக்காது.

"குழந்தைக்கு ஞாபகம் இருக்காது" என்பது உண்மைதான். எனக்கு ஞாபகம் இருக்கே! போன பிப்ரவரில நாங்க போயிட்டு வந்தோம். நான், மனைவி, 5 வயசுப் பையன், 22 மாசப் பொண்ணு, 64 வயசு அம்மா. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டேகால் மணி நேரம். 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லாரும் இன்னும் போர்ட் பிளேர்னுதான் சொல்றாங்க. அந்த ஆட்டோக்காரர் நல்ல தமிழ் பேசினார், பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் தலைமுறை தலைமுறையா இருக்காங்க. அம்மா அஞ்சு நிமிஷத்துல அவரோட சொந்த ஊர், பிள்ளைங்க படிப்பு, முருகன் கோயில் எங்க இருக்குங்கிறது வரைக்கும் விசாரிச்சு முடிச்சுட்டாங்க.

சரி, "தப்புன்னு ஒத்துக்கிட்டாரு, அப்போ கார்டை எடுத்துத் தேய்க்கலாம்"னு யாரும் கிளம்பிடாதீங்க. எங்ககிட்ட ஆர்டிகிள்ஷிப் பண்ணிட்டு இப்ப ஒரு கம்பெனில இருக்கிற தம்பி ஒருத்தன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, அந்தமான் பேக்கேஜ். 6 நைட், மூணு தீவு, 1,90,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ, 12 மாசம். வட்டியே இல்லண்ணா!" கையில் வர்ற சம்பளம் 85,000. ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுது. ரெண்டு குழந்தைங்க, சின்னதுக்கு ஒன்றரை வயசு.

வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு பேங்க்ல கிடையாது. கார்டு கம்பெனி 15 சதவீதம் போடுதுன்னு வச்சுக்கோங்க. அந்த 1,90,000-க்குள்ள சுமார் 14,500 ரூபாய் வட்டி உட்கார்ந்திருக்கு. விக்கிறவர் அந்தத் தொகையை தள்ளுபடியா கழிச்சுக் காட்டுறார், அவ்வளவுதான். அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 2,600 ரூபாய், உங்க ஸ்டேட்மென்ட்ல தனியா வரும். ப்ராசஸிங் ஃபீ வேற. "முழுப் பணமும் இப்பவே தர்றேன், அந்த 14,500-ஐ எனக்குக் குறைங்க"ன்னு கேட்டுப் பாருன்னு சொன்னேன். கேட்டான். 12,000 குறைக்கிறேன்னாங்களாம்! ஆனா முழுப் பணம் அவன்கிட்ட இல்லை. விஷயமே அதுதான்.

எனக்கு அந்தப் பணத்தைவிட அந்த "மூணு தீவு"தான் அதிகம் உறுத்திச்சு. ஒன்றரை வயசுக் குழந்தையை வச்சுக்கிட்டு 6 நாள்ல மூணு தீவுன்னா, பாதி நேரம் ஜெட்டியில லக்கேஜ் மேல உட்கார்ந்திருக்கணும். பேக்கேஜ் போடுறவங்களுக்கு ஒவ்வொரு போட் டிக்கெட்டும் ஒரு வியாபாரம், அவங்களைக் குறை சொல்ல முடியாது. நாங்க ஹேவ்லாக் மட்டும் போதும்னு முடிவு பண்ணோம், 2018-லிருந்து அதுக்கு ஸ்வராஜ் தீப்னு பேர். அங்க 4 இரவு, கடைசி ராத்திரி போர்ட் பிளேர்ல. அந்தக் கடைசி ராத்திரியை யாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க. கடல் கொந்தளிச்சா போட்டை நிறுத்திடுவாங்க. காலைல ஹேவ்லாக்ல போட் ஏறி மத்தியானம் சென்னை ஃபிளைட் பிடிக்கலாம்னு பிளான் போட்டு, போட் ஓடலைன்னா அஞ்சு ஃபிளைட் டிக்கெட் காலி. 3,500 ரூபாய் ரூம் வாடகையை நான் இன்ஷூரன்ஸ் பிரீமியமாத்தான் பார்த்தேன்.

எங்க கணக்கு இதோ. ஃபிளைட் போக வர நாலு பேருக்கு 44,000, சின்னவளுக்கு 4,000. ஹேவ்லாக் ரூம் 26,000, போர்ட் பிளேர் ரூம் 3,500. பிரைவேட் போட் 13,600. சாப்பாடு 15,000. டாக்ஸி, ஆட்டோ 9,000. கண்ணாடி போட், டிக்கெட்டுங்க எல்லாம் சேர்த்து 4,000. பால், டயப்பர், மருந்து, இளநீர், அம்மா வாங்கின சங்கு எல்லாம் 5,000. மொத்தம் 1,24,100.

சின்னவளுக்கு ஏன் 4,000-தான்? 2 வயசு முடியாத குழந்தைக்கு மடி டிக்கெட், ஒரு சின்னக் கட்டணம்தான். 2 முடிஞ்சா தனி சீட், உள்நாட்டு ஃபிளைட்ல பெரும்பாலும் பெரியவங்க கட்டணமே. பயண தேதியில என்ன வயசுங்கிறதுதான் கணக்கு. போகும்போது 23 மாசம், திரும்பும்போது 2 முடிஞ்சிடுச்சுன்னா ரிட்டர்னுக்கு சீட் வாங்கணும். என் பொண்ணுக்கு ஏப்ரல்ல பிறந்தநாள். கோடை லீவு வரைக்கும் தள்ளிப் போட்டிருந்தா அந்த ஒரு டிக்கெட்ல மட்டும் 7,000 கூடியிருக்கும். பிறப்புச் சான்றிதழ் கையில இருக்கணும், கவுன்டர்ல கேட்பாங்க.

ரூம் விஷயத்துலயும் ஒரு பாடம். ஹேவ்லாக்ல ஹோட்டல்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில, கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம். "பீச் வியூ"ன்னு ராத்திரிக்கு 3,000 கூடக் கேட்டாங்க. ஆனா அந்தப் பக்கம் நீர் வத்தும் நேரத்துல கடல் ரொம்ப தூரம் உள்ள போயிடும், வெளிய தெரியறது பாறையும் உடைஞ்ச பவளமும். சின்னக் குழந்தையை அதுல இறக்க முடியாது. குளிக்க ஏத்த மணல் கரை மேற்கே, ராதாநகர்ல. எந்த ஹோட்டல்ல தங்கினாலும் ஆட்டோ பிடிச்சு அங்கதான் போகப்போறீங்க. பார்க்கிங் பக்கம் ரூம் எடுத்தோம். முதலை எச்சரிக்கை பலகை வச்ச இடத்துல மட்டும் இறங்கவே இறங்காதீங்க, அது சும்மா அழகுக்கு வச்சதில்லை. இன்னொண்ணு, அங்க நம்ம ஊரைவிட 50 நிமிஷம் முன்னாடியே விடிஞ்சு, முன்னாடியே இருட்டிடும், ஆனா கடிகாரம் ஒண்ணுதான். குழந்தைங்க விடியும்போதே எழுந்து உட்கார்ந்துக்கும். அதோட சண்டை போடாம காலை 6 மணிக்கே கடலுக்குப் போயிட்டோம். கரையில எங்களைத் தவிர ஒரு நாய் மட்டும்தான்.

எல்லாமே நல்லா நடந்துச்சுன்னு சொல்லலை. போகும்போது போட்ல பையன் ரெண்டு தடவை வாந்தி. மூணாவது நாள் சின்னவளுக்கு 102 டிகிரி காய்ச்சல். தீவுல இருக்கிறது ஆரம்ப சுகாதார நிலையம். அங்க காட்டினோம், மருந்து கொடுத்தாங்க, மறுநாள் இறங்கிடுச்சு. இறங்காம இருந்தா அடுத்த போட்டைப் பிடிச்சு போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரி. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஆனா "பணத்துக்கு என்ன பண்றது"ங்கிற கவலை மட்டும் அதுல இல்லை. எமர்ஜென்சி ஃபண்டை நான் தொடவே இல்லை. தம்பிகிட்ட அதைத்தான் கேட்டேன்: "கார்டு லிமிட்டையே பேக்கேஜ்ல தீர்த்துட்டுப் போய், அங்க குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

வரிக்கு வருவோம். எல்டிஏ பத்தி எல்லாரும் கேட்பீங்க. அந்தமான் இந்தியாவுக்குள்ள இருக்கிறதால எல்டிஏ-வுக்குத் தகுதி உண்டு. மாலத்தீவு, பாலிக்குக் கிடையாது. விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும், ரூம், சாப்பாட்டுக்கு இல்லை. 4 காலண்டர் வருஷத்துல ரெண்டு பயணம், இப்ப ஓடுற பிளாக் 2026 முதல் 2029 வரை. உங்களைச் சார்ந்திருக்கிற அம்மா அப்பா டிக்கெட்டும் சேரும். பழைய வரி முறையில 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்கு 48,000 ஃபிளைட் செலவுல செஸ்ஸோட சேர்த்து ஏறக்குறைய 15,000 மிச்சம், சம்பளத்துல அந்த அளவுக்கு எல்டிஏ இருந்தா. புது முறையில இந்த விலக்கே கிடையாது. இதுக்காக பழைய முறைக்குத் தாவாதீங்க! தம்பியோட சம்பளத்துக்கு புது முறையில வரியே வரலை. வராத வரியில எதைச் சேமிக்கிறது? வெளிநாட்டு பேக்கேஜ்னா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவில்லை, ஐடிஆர்-ல கழிச்சுக்கலாம். ஆனா அதுவரைக்கும் கையை விட்டுப் போன பணம்தான், பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

எங்க 1,24,100-க்கு வழி ரொம்ப சாதாரணம். மாசம் 12,500, பத்து மாச ஆர்டி. எஸ்ஐபி-யை நிறுத்தலை. வெளியே சாப்பிடுறதைக் குறைச்சோம், தீபாவளி போனஸ்ல பாதி ரெண்டு தவணைக்குப் போச்சு. தம்பிக்கு அவ்வளவு முடியாது. 7,000-தான் முடியும்னான். அப்போ ஒரு தீவு, 4 இரவு, அடுத்த வருஷம். சின்னவனுக்கு அதுக்குள்ள 2 தாண்டிடும், டிக்கெட் கூடும், அதையும் சேர்த்தே கணக்கு போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் முகம் சுருங்கிடுச்சு. அவன் மனைவிக்குச் சொல்ற வேலை இன்னும் பாக்கியாம்.

எங்க அம்மா ராதாநகர்ல முதல் நாள் முழுக்க மணல்ல உட்கார்ந்து பை, செருப்புக்குக் காவல்தான். ரெண்டாவது நாள் பேரன் கையைப் பிடிச்சு இழுத்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு முட்டி வரைக்கும் இறங்கினாங்க. அலை வந்து இடுப்பு வரைக்கும் நனைச்சது. நாற்பது வருஷமா சென்னையில இருக்காங்க, மெரினாவுல கால் மட்டும்தான் நனைச்சிருக்காங்களாம். ஜூலைல டாக்டர் முட்டி மாத்தணும்னு சொல்லிட்டார். இப்ப மாடிப்படியே சிரமம், போட் ஏறுறதெல்லாம் பேச்சே இல்லை.

அடுத்த ஆர்டி போன மாசம் ஆரம்பிச்சாச்சு. "ஆபரேஷனுக்கு வச்சுக்கோ"ன்னாங்க. அதுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கும்மா, இது வேறன்னு சொல்லியிருக்கேன்.