1 கோடியே 20 லட்சம் பேரின் போன் ஊமையானது எப்படி?

2022-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, வெள்ளிக்கிழமை. கனடா நாட்டில் பொழுது விடியும் நேரம்.

"ரோஜர்ஸ்" என்ற பெரிய டெலிபோன் கம்பெனியின் இணைப்புகள் திடீரென்று செத்தன. செல்போன் பேசவில்லை. வீட்டு போன் பேசவில்லை. இண்டர்நெட்டும் போயிற்று. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். கடைகளில் பாங்கி அட்டையைக் கொடுத்தால் பணம் போகவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்தும் நேர்ந்தது. அங்கே போலீஸ், ஆம்புலன்சு, தீயணைக்கும் படை எல்லாவற்றையும் கூப்பிட ஒரே எண் 911. அதுவும் பலருக்குக் கிடைக்கவில்லை!

கம்பி அறுந்ததா? இல்லை. கோபுரம் சாய்ந்ததா? இல்லை. எதிரியின் சதியா? அதுவும் இல்லை.

பொட்டலம் பிரிக்கும் எந்திரம்

நாம் போனில் பேசும் பேச்சும், அனுப்பும் படமும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் விலாசம் உண்டு. பல ஊர்க் கண்ணாடி இழைகள் வந்து கூடும் இடத்தில், இவற்றைப் பிரித்து அனுப்ப எந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் "ரூட்டர்". தபால் பிரிக்கும் ஊழியரின் வேலைதான். ஆனால் வேகம்?

100 கிகாபிட் இழை ஒன்றில் மிகச் சிறிய பொட்டலங்களாக வந்தால், ஒரு விநாடிக்குச் சுமார் 15 கோடி வரும்! அத்தனைக்கும் விலாசம் பார்த்து, சரியான வாசலில் தள்ளவேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தால் நடக்குமா? ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த விலாசத்துக்கு எந்த வழி என்று எந்திரத்தின் மூளை முன்கூட்டியே பட்டியல் எழுதி வைக்கும். சில்லுகள் அதைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

உலகம் முழுவதற்கும் உள்ள வழிகள் 9 லட்சத்துக்கு மேல். ரோஜர்சின் நடு எந்திரங்கள் அத்தனையையும் தாங்கமாட்டா. ஆகவே வேண்டியதை மட்டும் உள்ளே விட, ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள்.

வடிகட்டி போயிற்று!

கம்பெனி தன் நடுவலையை 7 கட்டங்களாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அன்று 6-வது கட்டம். முந்திய கட்டங்கள் நன்றாக முடிந்ததால், "ஆபத்து அதிகம்" என்ற மதிப்பீடு "ஆபத்து குறைவு" என்று மாறியிருந்தது. ஐந்து முறை ஆற்றைத் தாண்டியவன் ஆறாவது முறை ஆழம் பார்க்கவில்லை!

காலை 4-43 மணிக்கு வடிகட்டி நீக்கப்பட்டது. வழிகள் வெள்ளமாகப் பாய்ந்தன. "இதற்கு மேல் வேண்டாம்" என்று நிறுத்தும் தடுப்பு நடு எந்திரங்களில் இல்லை. சில நிமிடங்களில் அவை திணறி விழுந்தன.

செல்போன், வீட்டு போன், இண்டர்நெட் மூன்றுக்கும் நடுவலை ஒன்றே. செலவு குறையும் என்று வேறு கம்பெனிகளும் இப்படிச் செய்வது உண்டு. ஆனால் என்ஜினீயர்கள் தூரத்தில் இருந்து எந்திரத்தைப் பழுது பார்க்கும் வழியும் அந்த வலையையே நம்பி இருந்தது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்! ஊழியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே மற்ற கம்பெனிகளின் சிம் கார்டுகளை அனுப்பவேண்டி வந்தது. எந்திரங்களின் பிழைக் குறிப்புகளைப் பார்ப்பதற்குள் 14 மணி நேரம் ஓடிவிட்டது.

வடிகட்டியை எடுத்தவரை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. ஒரு கை தவறினால் எல்லாம் விழும்படி கட்டியது யார்?

911 ஏன் கிடைக்கவில்லை?

சொந்தக் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்தில், வேறு கம்பெனியின் கோபுரம் வழியாக 911-ஐ அழைக்க முடியும். அன்று ரோஜர்ஸ் கோபுரங்களில் சிக்னல் இருந்தது. போன்கள் அதையே பிடித்துக்கொண்டு நின்றன. கோபுரத்துக்குப் பின்னால் வலை செத்துக் கிடப்பது போனுக்கு எப்படித் தெரியும்?

சுமார் 26 மணி நேரத்துக்குப் பிறகே சேவை திரும்பியது. செல்போனுக்குத் தனி நடுவலை அமைப்பதாகக் கம்பெனி அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கனடாவின் பெரிய கம்பெனிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒன்றின் வலை விழுந்தால், அதன் வாடிக்கையாளர்களின் 911 அழைப்புகளுக்கு மற்றவை கைகொடுக்கும்.