சம்பளம் ஒழுங்காக வந்தால் தூக்கமும் வரும்

2026 ஜனவரி 1 ஆம் திகதி முதல், தோட்டமானாலும் தும்பு ஆலையானாலும், தனியார் முதலாளி தன் தொழிலாளிக்கு மாதம் 30,000 ரூபா, நாளொன்றுக்கென்றால் 1,200 ரூபா, இதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். இது யாருடைய தயவும் அல்ல, சட்டம். 2016 இல் அந்தச் சட்டம் வந்தபோது நாட்சம்பளம் 400 ரூபா. 2024 இல் 700 ஆனது, 2025 ஏப்ரலில் 1,080 ஆனது.

மலையகத்துத் தேயிலைத் தோட்டச் சம்பளத்தைப் பற்றிப் பாராளுமன்றம் முதல் தொலைக்காட்சி வரை பேசுகிறார்கள். பேசட்டும், அது நம் சொந்தங்களின் போராட்டம். ஆனால் சிலாபம், மாதம்பை, மாரவில, புத்தளம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இங்கே அரசாங்கத் தோட்டங்களை விட்டால் பெரும்பாலும் ஒரு தோட்டத்துக்கு ஒரு முதலாளி, சில குடும்பங்கள். முதலாளியின் முகம் பார்த்துத்தான் சம்பளம். சென்ற வருடம் கடையில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. பறித்தவர், பொறுக்கியவர், உரித்தவர் கூலி அந்த வேகத்தில் ஏறியதா?

சம்பளம் என்றால் அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் பார்க்கிறோம். தலைக்குள் ஓடும் யோசனையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேங்காய் பறிப்பு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அந்த நாட்களில் கை நிறைய வேலை, பிறகு வாரக்கணக்கில் துண்டு துண்டு வேலை. கடைக்கொப்பியில் கடன் ஏறும். நுண்கடன்காரர் வரும் நாளில் அம்மா பின்வாசலால் போய்விடுவார். பிள்ளை வாசலில் நின்று பொய் சொல்லும். குறைந்த சம்பளத்தை விட, அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் மனிதரை அதிகம் அரிக்கிறது.

‘குடிக்கிறார்கள், அதனால்தான் கஷ்டம்’ என்பார்கள் துரைமார். சில வீடுகளில் அது உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் கசிப்புக்கு முன்பே அந்த வீட்டில் தூக்கமில்லாத இரவுகள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

2013 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை, கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய காலத்திலும், காசு வந்த பிறகும் சோதித்தார்கள். அதே மனிதர், அதே மூளை. ஆனால் காசு முடையான காலத்தில் யோசிக்கும் திறன் குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் இதைத்தான் பார்க்கிறோம். சம்பளத்துக்கு முந்திய வாரம் வரவு குறையும், வந்த பிள்ளைக்கும் கணக்கு ஏறாது. அந்தப் பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்லும் ஆசிரியரோடு நமக்குச் சண்டை உண்டு. இங்கிலாந்தில் 1999 இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்த பின், சம்பளம் ஏறிய தொழிலாளர்களிடம் மனச்சோர்வு குறைந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வொன்று காட்டியது.

ஆகவே முதலாளிமாரிடம் நாம் கேட்பது தொகையை மட்டுமல்ல. மாதாமாதம் குறித்த திகதியில் சம்பளம் வேண்டும். வேலை நாளும் பிடித்த காசும் எழுதிய சம்பளச் சீட்டு வேண்டும். துண்டுக் கூலிக்காரருக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும்கூட ஊழியர் சேமலாப நிதி உண்டு: நம் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். 30,000 ரூபாச் சம்பளத்தில் முதலாளி போட வேண்டியது மட்டும் 3,600 ரூபா. நம்மிடம் 8 வீதத்தைப் பிடித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அது களவு, வேறு பெயர் இல்லை.

ஜனவரிக்குப் பிறகும் 1,200 ரூபாவுக்குக் குறைவாக வாங்குகிறவர்கள், வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு கிளைத் தலைவரிடம் வாருங்கள். தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாட்டை நாம் எழுதித் தருகிறோம். மனம் தாங்காத நிலை என்றால் காத்திருக்க வேண்டாம், 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம்.