கயிறு யார் கையில்?

நேற்று நள்ளிரவில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் இருந்த தூய்மைப் பணியாளர்களைக் காவல்துறை கைது செய்து பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. பதிமூன்று நாளாக அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்று கேட்டவர்கள். பெண்கள்தான் அதிகம். எந்தச் சேரிகளில் இருந்து வந்தவர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாள் காலையில்தான் என் தம்பி போன் செய்திருந்தான். ராணுவத்தில் இருக்கிறான். விடுப்பில் இன்று ராத்திரி ஊருக்கு வருகிறான். "அக்கா, பதினஞ்சாம் தேதி நம்ம வீட்ல கொடி ஏத்துறோம். காலனில எல்லாரையும் கூப்பிடு. அம்மாவ கேசரி கிளறச் சொல்லு" என்றான்.

கைதான செய்தி இன்று விடிவதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. சட்டம் படிக்கிற சித்தப்பா மகன் எழுதினான்: "கேசரியா? கறுப்புக் கொடி கட்டுங்க." தம்பி ரயிலில் இருந்தே பதில் போட்டான். அவன் போட, இவன் போட, அம்மா அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் ஒன்றியத்தில் ஒரு காலனி வீட்டில் நடக்கிற இந்தச் சண்டை பல வீடுகளில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தம்பிக்கு.

நாட்டை நேசிக்கிற உரிமையை உன்னிடம் இருந்து யாரும் பறிக்கவில்லை. பனியில் நின்று காவல் காக்கிறவன் நீ. ஆனால் "இன்னிக்கு ஒரு நாளாவது குறை சொல்லாம இருக்கலாமே" என்று கேட்கிறாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வருஷத்தை ஒரு முறை திரும்பிப் பார். ஜனவரியில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கில், இரண்டு வருஷம் விசாரித்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களில் மூன்று பேர் மேலேயே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. குடியரசு தினத்துக்குச் சில நாள் முன்பு அதை உயர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். மார்ச்சில், நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு தமிழகத்துக்குத் தரவேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. அந்தக் கோடிகளில் நம் ஆயாவின் கூலியும் இருந்தது. ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் நம் பிள்ளை ஒருவன், மென்பொருள் பொறியாளன், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். வேற்றுச் சாதிப் பெண்ணைக் காதலித்தான் என்பதற்காக என்பது வழக்கு. 2025 ஆகஸ்டில் பீகாரில் வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இருக்கவில்லை. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஒரு நாள் மறந்துவிட்டுக் கேசரி சாப்பிடு என்றால், அந்த மறதி யாருக்கு உதவும்?

அடுத்து சித்தப்பா மகனுக்கு. உன் கோபம் என் கோபம்தான். உனக்கு முன்னோர்களும் உண்டு. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தார். அண்ணா அதில் மாறுபட்டு, இது மகிழ வேண்டிய நாள் என்று எழுதினார். அந்த விவாதம் இன்றைக்கும் முடியவில்லை. முடியாமல் இருப்பதே நல்லது.

ஆனால் நம்மில் சிலர் வழக்கமாக ஒன்று சொல்கிறோம்: "கொடி ஒரு துணி. அதை எவன் ஏற்றினால் என்ன?" 2022இல் வீடுதோறும் கொடி என்று கிளம்பினார்கள். அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கொடி விதிகளைத் திருத்திப் பாலியஸ்டர் கொடிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கதர் நூற்றவன் கொடி போய், மெஷினில் அடித்த கொடி பஸ் ஸ்டாண்டில் கட்டுக் கட்டாக வந்தது. அந்த அசிங்கத்தைப் பார்த்தால் துணிதானே என்று எனக்கும் தோன்றும்.

துணிதான் என்றால், 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தை ஏன் கொடியேற்ற விடவில்லை? தேர்தலில் நின்று ஜெயித்த தலைவர் அவர். அவர் தலித் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. செய்தி வெளியே வந்து நாடே பேசிய பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார்கள். ஐந்து நாள் தாமதமாக, போலீஸ் காவலோடு ஒரு சுதந்திர தினம்.

அவரைத் தடுத்தவர்களுக்குத் தேசியக் கொடி மேல் எந்த வெறுப்பும் கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சட்டையில் கொடி குத்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். அந்தக் கயிற்றைச் சேரிக்காரி பிடிப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் வருஷத்துக்கு இரண்டு நாள், ஊர் மொத்தமும் நின்று பார்க்க, "இந்த ஊருக்குத் தலைமை யார்?" என்ற கேள்விக்கு அந்தக் கம்பத்தடியில் பதில் சொல்லப்படுகிறது. கொடி வெறும் துணி இல்லை என்பது ஆதிக்கச் சாதிக்காரனுக்கு நன்றாகத் தெரியும். நாம்தான் அதை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, துணிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

ஆத்துப்பாக்கம் தனிக் கதை இல்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் அனுப்பினார். பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்றார். சுதந்திரம் வந்து 75 வருஷம் முடிகிற வேளையில், பெரியார் மண் என்று நாம் மார்தட்டுகிற மாநிலத்தில், இப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது. அந்தக் கடிதத்தை நான் வெட்கத்தோடும் படித்தேன், நன்றியோடும் படித்தேன்.

இந்தக் கயிற்றுக்குக் கொடுத்த விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் இருந்த ஐந்து பேரையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாடுவதற்கு ஒன்றரை மாதம் இருந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. ஒரு நாற்காலிக்கும் ஒரு கயிற்றுக்கும் இவ்வளவு என்றால், அவை எவ்வளவு பெறுமானம் உள்ளவை என்று எதிரி நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம் மட்டும் இல்லை. நான் படித்த ஆரம்பப் பள்ளியில் ஆகஸ்ட் 14 வந்தால் காலனிப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். மைதானம் கூட்டுவோம், புல் செதுக்குவோம், கம்பத்தைச் சுற்றி இருக்கிற கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மறுநாள் கொடிக்குள் பூ வைத்து மடிக்கிற வேலையும் கயிற்றை எடுத்துக் கொடுக்கிற வேலையும் ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு. யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடக்கும். எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கிடைக்கும், சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம். பிறகு முதுகலையில் சமூகவியல் படித்தபோது, ஒரு சடங்கைப் புரிந்துகொள்ள அதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு எனக்கு அதை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தது.

அந்தக் கொடி நமக்கு அந்நியமும் இல்லை. அரசியல் நிர்ணய சபை அமைத்த கொடிக் குழுவில் பாபாசாகேப் உறுப்பினர். 1947 ஜூலை 22 அன்று கொடி ஏற்கப்பட்டபோது, நடுவில் இருந்த ராட்டைக்குப் பதில் அசோகரின் சக்கரம் வந்தது. பௌத்தத்தின் தர்மச் சக்கரம் அது. அதே பாபாசாகேப்தான் 1949 நவம்பர் 25 அன்று அந்தச் சபையில் எச்சரித்தார்: ஜனவரி 26இல் நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது, இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகத்தையே தகர்ப்பார்கள் என்றார். அவர் புறக்கணிக்கவும் இல்லை, பூரிக்கவும் இல்லை. கணக்கைத் திறந்து வைத்தார்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் 1852இல் செய்ததும் இதுதான். ஜூலை 4 சுதந்திர தினத்தையொட்டிப் பேச அழைத்த மேடையிலேயே, உங்கள் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன அர்த்தம் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். அதே உரையில் அந்த நாட்டின் அரசியல் சட்டத்தை விடுதலைக்கான ஆவணம் என்று உரிமையும் கொண்டாடினார். நமக்குப் பக்கத்தில், குஜராத்தின் உனாவில் 2016 ஜூலையில் செத்த மாட்டுத் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். தலித்துகள் அகமதாபாத்தில் இருந்து நடந்தே உனாவுக்குப் போய்ச் சேர்ந்த நாள் ஆகஸ்ட் 15. அங்கே கொடியேற்றியவர் ரோகித் வெமுலாவின் தாய் ராதிகா. மகனைப் பறிகொடுத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தாயின் கையில் இருந்த கயிற்றைக் கொண்டாட்டம் என்பதா, எதிர்ப்பு என்பதா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்த வருஷம் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. திருவண்ணாமலையும் அதில் ஒன்று. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு. நடத்தவில்லை. 2025 ஆகஸ்ட் வரை ஏழு மாதமாக ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. அமிர்தங்கள் எல்லாரும் முன்னாள் தலைவர்கள் ஆகிவிட்டார்கள். அடி வாங்கி, அவமானப்பட்டு, தரையில் உட்கார்ந்து, நம் பெண்கள் பிடித்த கயிற்றை, யாரும் வெட்டாமல், யாரும் கத்தாமல், ஒரு அரசாணையில் வாங்கிக்கொண்டார்கள். நாளை நம் ஊராட்சிகளில் கொடியேற்றப் போகிறவருக்கு நாம் ஒருவரும் ஓட்டுப் போடவில்லை. சமூக நீதி பேசுகிற அரசுதான் இதைச் செய்திருக்கிறது. டெல்லியைக் கேட்கிற அதே குரலில் கோட்டையையும் கேட்க வேண்டும்.

இன்று காலை இந்தச் சண்டை நடுவே ஆயாவிடம் போய், "கொடி ஏத்தலாமா, கறுப்புக் கொடி கட்டலாமா, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எந்தக் கொடியா இருந்தா இன்னாம்மா, கவுறு யாரு புடிக்கிறா?" என்றார்.

எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. நாளை காலை தம்பி கொண்டுவருகிற கொடியை வீட்டு வாசலில் ஆயா ஏற்றுவார். தம்பி சீருடையில் நின்று வணக்கம் வைப்பான். கேசரி உண்டு. அதன் பிறகு எல்லாருமாகக் கிராம சபைக்குப் போகிறோம். சித்தப்பா மகன்தான் மனு எழுதுகிறான். கறுப்புக் கொடி கட்டச் சொன்ன அதே கையெழுத்து.

மனுவில் நான்கு கோரிக்கை. உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானம். நூறு நாள் வேலையில் கூலி பாக்கி உள்ளவர்களின் பெயர், நாள் கணக்கோடு பட்டியல். காலனி மேல்நிலைத் தொட்டி கடைசியாக எந்தத் தேதியில் கழுவப்பட்டது என்ற பதில். சுடுகாட்டுப் பாதைக்கு அளவை. இது தவிர, ஊராட்சி அலுவலகத்தில் நாளை கொடியேற்ற எங்கள் தூய்மைக் காவலர் அக்காவை அழையுங்கள் என்று போன வாரமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. அந்த அக்காவோடு கம்பத்தடிக்கு நாங்கள் போய் நிற்கப் போகிறோம்.

தோழர்களே, நாளை உங்கள் ஊரிலும் கிராம சபை இருக்கிறது. வழக்கமாகப் பதினொரு மணிக்கு. தனியாகப் போகாதீர்கள், அம்மாவை, ஆயாவை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வருகைப் பதிவேட்டை முதலில் நீட்டுவார்கள். தீர்மானத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மனுவின் நகலில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.